ஜீப்பின் க்ரோம் பம்பரில் துரு: சேலத்தில் நல்ல பட்டறை எது?

வணக்கம் நண்பர்களே. ஏற்காட்டில் ஓடும் எங்கள் பழைய மகிந்திரா ஜீப்பின் முன்பக்க க்ரோம் பம்பர் வெளியே பளபளக்கிறது. உள்பக்கத்தைத் தடவினால் துரு செதில் செதிலாக உதிர்கிறது. மலைப் பனியும் சேறும் அங்கேதான் தங்குகின்றன.

பனி விளக்குகளுக்குத் துளையிட்டு, இரு ஓரங்களையும் கொஞ்சம் வெட்ட எண்ணம். வெட்டிய விளிம்பில் நிக்கல், க்ரோம் முலாம் போய் வெற்று இரும்பு தெரியுமே, அதற்கு எபாக்சி பிரைமர் (துரு தடுக்கும் அடிப்பூச்சு) போதுமா, மறுபடி முலாம் பூச வேண்டுமா? உள்பக்கத்தைச் சுரண்டிவிட்டுப் பிரைமரும் மெழுகும் அடிக்கப்போகிறேன். வண்டியை இழுக்கும் கொக்கியை க்ரோம் மேலேயே வெல்டிங் வைக்கலாம் என்கிறார் பட்டறைக்காரர். அந்தப் புகை நச்சு, நான் சம்மதிக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டையோ ஐந்து ரோடோ, முலாம் பூசும் நம்பகமான இடம் தெரிந்தால் சொல்லுங்கள். கறுப்பு பெயிண்ட் அடித்துவிடுங்கள் என்ற யோசனை மட்டும் வேண்டாம்.