அஸ்ட்ரோவை முத்தையன்கட்டில் வைத்துப் பார்த்தேன்

கிளிநொச்சியில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிற அண்ணைக்கு முன்பு ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் ஒரு இணையத்தளம் செய்து கொடுத்திருந்தேன். போன காலபோக நெற்செய்கைக்கு முதல் அவர் சொன்னார்: "தம்பி, உன்ர சைட் திறக்கிறதுக்குள்ள ஆக்கள் ஒட்டுசுட்டானிலயிருந்து பஸ் ஏறிக் கடைக்கே வந்திடுவினம்."

பொய்யில்லை. ஜாவாஸ்கிரிப்ட் முழுக்க இறங்கும்வரை வெறும் வெள்ளைத் திரைதான். விலைப்பட்டியல் காட்ட இவ்வளவு ஆரவாரமா என்று, இணையத்தளம் கட்டுகிற அஸ்ட்ரோ என்ற கருவியை எடுத்துப் பார்த்தேன். எம்ஐடி உரிமம் (யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்), 2022இல் 1.0 வந்தது. பக்கங்களை முதலே எச்டிஎம்எல்லாகக் கட்டி வைத்துவிடும். நாமாகக் கேட்டாலொழிய உலாவிக்கு ஜாவாஸ்கிரிப்ட் அனுப்பாது.

கடையின் ஃபைபரில் கண்மூடித் திறக்க முதல் பக்கம் வந்தது. அந்தப் புளுகத்தில் முத்தையன்கட்டுக்குப் போய், சிக்னல் ஒரு கோடு காட்டுகிற இடத்தில், மாமாவின் பழைய போனில் திறந்தேன். விலைகள் உடனே வந்தன. படங்கள்? கிளச் பிளேட் மேலிருந்து கீற்றுக் கீற்றாக இறங்கியது. மாமா வெற்றிலை போட்டு முடித்துவிட்டார், பிளேட் பாதியில் நிற்கிறது.

பிழை என்னுடையது. போனில் எடுத்த படங்களை அப்படியே பப்ளிக் கோப்புறையில் போட்டிருந்தேன்; அதை அஸ்ட்ரோ தொடாது. மூலக் கோப்புகள் இருக்கிற எஸ்ஆர்சி கோப்புறைக்குள் வைத்து, அகலத்தையும் சொல்லி அஸ்ட்ரோவின் இமேஜ் கூறு வழியாகக் கொடுத்த பிறகுதான் வெப்பி என்ற சிறிய பட வடிவமாகச் சுருங்கியது.

தேடல் பெட்டி மட்டும் ஒரு 'தீவு', அதாவது பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடுகிற தனித் துண்டு. முதலில், உலாவி ஓய்ந்த பிறகு அதை ஓட்டுகிற கிளையண்ட்:ஐடில் கொடுத்தேன். பெட்டி தெரியும், தட்டினால் அசையாது. பக்கம் வந்தவுடனேயே ஓட்டுகிற கிளையண்ட்:லோட் ஆக்கினேன், இப்போது பரவாயில்லை.

*வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்:* எனக்குக் கழுத்தறுத்தது எழுத்துரு. தமிழ் வெப் ஃபொண்ட் இறங்கும்வரை எழுத்தே தெரியவில்லை. முதலில் போனின் எழுத்துருவைக் காட்டிப் பிறகு மாற்றுகிற ஃபொண்ட்-டிஸ்ப்ளே ஸ்வாப் போட்டுப் பார்த்தேன், எழுத்து ஒருமுறை துள்ளி மாறியது. கடைசியில் தூக்கி எறிந்துவிட்டுப் போனில் இருக்கிற எழுத்துருவையே விட்டேன். அழகு குறைவுதான், போகட்டும்.

*மல்லாவியிலிருந்து ஒரு வாசகர்:* அண்ணா, விலை அடிக்கடி மாறுமே, ஒவ்வொரு தடவையும் திரும்பக் கட்டுவீர்களா?

ஓம். அதுதான் தலையிடி. அண்ணை இரவு 10 மணிக்கு வாட்ஸ்அப்பில் விலை அனுப்புவார், நான் மார்க்டவுன் என்ற எளிய எழுத்துக் கோப்பில் மாற்றி, தளத்தைத் திரும்பக் கட்ட பில்ட் கொடுப்பேன். விலையை மட்டும் சேர்வரிலிருந்து எடுக்கலாம், அஸ்ட்ரோ அதற்கும் இடம் தரும். இன்னும் கை வைக்கவில்லை.