குடும்பக் குழு (டர்பன், தென்னாப்பிரிக்கா): பிரபுவின் வழக்கு

தேவி, மாலை 6.12: பிரபுவின் தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்து வைத்திருப்பதாக அரசு வழக்கறிஞர் இன்று சொன்னார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை குறையலாமாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ராணி அக்கா, 6.15: வெள்ளிக்கிழமை பெரிய வெள்ளி அல்லவா? மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கு எல்லோரும் போகிறோமே.

தேவி, 6.16: பெரிய வெள்ளி அதற்கு அடுத்த வாரம், அக்கா.

ராணி அக்கா, 6.18: குரல் அவனுடையதுதானே? பிறகு ஏன் இழுத்தடிக்க வேண்டும்?

பெரிய அண்ணன், 6.31: தேவி, அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள விடாதே. முப்பது ஆண்டு டர்பன் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளனாக நின்றவன் சொல்கிறேன். குரல் யாருடையது என்பது ஒரு கேள்வி. அதைக் கேட்கக் காவல்துறைக்கு அனுமதி எப்படிக் கிடைத்தது என்பது வேறு கேள்வி. பேச்சை ஒட்டுக்கேட்பதை ஒழுங்குபடுத்தும், ரிக்கா எனப்படும் 2002ஆம் ஆண்டின் 70ஆம் சட்டப்படி, அதற்கென நியமிக்கப்பட்ட நீதிபதியிடம் பிரமாண வாக்குமூலத்துடன் விண்ணப்பித்து, குற்றம் கடுமையானது என்றும், வேறு விசாரணை வழிகள் பலிக்கவில்லை அல்லது பலிக்கப் போவதில்லை என்றும் காட்ட வேண்டும். உத்தரவும் ஒரு முறைக்கு மூன்று மாதத்துக்கு மேல் செல்லாது. அந்த வாக்குமூலத்தை நம் வக்கீல் பார்த்தாரா?

குமரன், 6.34: டாக்கெட் (காவல்துறை வழக்குக் கோப்பு) நகலில் மாஜிஸ்திரேட் கையெழுத்திட்ட தாள் ஒன்று இருக்கிறது, அண்ணா.

பெரிய அண்ணன், 6.37: அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205ஆம் பிரிவின்படி அழைப்புப் பட்டியலுக்காக வாங்கியதாக இருக்கும். யார் யாரை எத்தனை மணிக்கு அழைத்தார் என்பதற்கு அது போதும். பேச்சைக் கேட்பதற்குப் போதாது.

தேவி, 6.44: நீதிபதியின் உத்தரவும் இருக்கிறது. படம் அனுப்புகிறேன். உத்தரவு ஆகஸ்ட் 14இலிருந்து என்கிறது. பதிவுப் பட்டியலின் முதல் வரியில் ஆகஸ்ட் 11 என்று பேனாவால் எழுதியிருக்கிறது.

பெரிய அண்ணன், 6.46: அந்த மூன்று நாளைத்தான் வக்கீல் முதலில் கேட்க வேண்டும். படத்தை உடனே குழுவிலிருந்து நீக்கிவிடு.

குமரன், 6.49: ரிக்காவே செல்லாது என்று தீர்ப்பு வந்ததே?

பெரிய அண்ணன், 6.58: 2021 பிப்ரவரி 4 அன்று, அமாபுங்கானே என்ற புலனாய்வு இதழியல் மையம் தொடுத்த வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம், போதிய பாதுகாப்புகள் இல்லாத அளவுக்கு அது செல்லாது என்றது. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குப் பின்னர்கூட அதைத் தெரிவிக்காதது முக்கியமான குறைகளில் ஒன்று. ஆனால் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு 36 மாத அவகாசம் தந்தது. அந்த அவகாசம் 2024 பிப்ரவரியில் முடிந்துவிட்டாலும், அதைக் காட்டி மட்டும் பிரபுவை மீட்டுவிடலாம் என்று நம்ப முடியாது.

ராணி அக்கா, 7.03: இந்த வழக்கில் பாதிக்கப்பட்ட லாரி ஓட்டுநர் ஆறு வாரம் படுக்கையில் கிடந்தார். மூன்று நாள் தேதியால் அது இல்லாமல் போகுமா?

பெரிய அண்ணன், 7.12: அவரை நானும் மறக்கவில்லை, ராணி. தேதி தவறினாலும் சாட்சியம் தானாக விழுந்துவிடாது. அதை ஏற்றால் விசாரணை நேர்மையற்றதாகுமா, அல்லது நீதி நிர்வாகத்துக்குக் கேடாகுமா என்பதை அரசமைப்பின் 35(5)ஆம் பிரிவின்படி நீதிமன்றம் வழக்குக்குள் ஒரு வழக்காகவே விசாரிக்கும். நம் நேட்டாலிலேயே, 1998ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள வழக்கு ஒன்றில், நீதிபதியிடம் பொய்த் தகவல் தந்து உத்தரவு வாங்கியதற்காக ஒலிப்பதிவுகளை ஒதுக்கிவிட்டார்கள். ஒப்புக்கொண்டுவிட்டால் இதைக் கேட்கும் வாய்ப்பே போய்விடும்.

ராணி அக்கா, 7.15: என் மகனுக்கு வழக்கு வந்தபோது இப்படி எழுத ஒருவரும் வரவில்லை.

பெரிய அண்ணன், 7.21: அது என் தவறு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன்.

குமரன், 7.26: நாளை நான் வக்கீலைப் பார்க்கிறேன். விசாரணை நீண்டால் கூடுதல் கட்டணம் கேட்பார்.

தேவி, 7.28: என்னிடம் பாதிதான் இருக்கிறது.

ராணி அக்கா, 7.35: வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன். இப்போது நான் முடிவாக எதுவும் சொல்லவில்லை.

தேவி, 7.40: பிரபு இப்போது அழைக்கிறான். தேதி விஷயத்தைச் சொல்லட்டுமா?

பெரிய அண்ணன், 7.40: தொலைபேசியில் வேண்டாம், தேவி. நாளை நேரில் போய்ச் சொல்.