புதுப்பிப்பு: மொறிஸ் மைனரின் மைல் எண்கள் மறுபடி நகருது

அப்பப்பாவின் மொறிஸ் மைனர் காரில் வேகமுள் ஒழுங்காக ஆடுகிறது, மைல் எண்கள் மட்டும் 67,412இல் நின்றுவிட்டன என்று போன மாதம் எழுதியிருந்தேன். மீற்றரைச் சுற்றும் கேபிளை மாற்றச் சொன்னீர்கள். கேபிள் போயிருந்தால் முள்ளும் செத்திருக்கும். இரண்டையும் சுற்றுவது அந்த ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மீற்றரைக் கழற்றினேன். உள்ளே ஒரு சின்னக் கொக்கி பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளும். எண்கள் நகர்வது அதனால்தான். பழைய கிறீஸ் பிசின்போல இறுகி, கொக்கி பல்லில் விழாமல் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. திருகோணமலை உப்புக்காற்றும் சும்மா இருக்குமா? பெற்றோலில் நனைத்த தூரிகையால் துடைத்து, மணிக்கூட்டு எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். எண் உருளைகளில் எதுவும் படவிடவில்லை, எழுத்துக் கரைந்துவிடும்.

அப்புறம் அனுராதபுர வீதியில் கிலோமீற்றர் கற்களைப் பார்த்து 16 கிலோமீற்றர் ஓடினேன். கிட்டத்தட்ட 10 மைல் ஏறியது! நின்றிருந்த காலத்து மைல்களைக் கூட்டவில்லை. கூட்டுவது நேர்மையாகப் படவில்லை, கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன்.

கண்ணாடி வளையத்தைத் திரும்பப் பூட்டத்தான் ஒரு மணித்தியாலம் போனது.