ஆகஸ்டில் காரிலேயே பிரிட்டன் ஜூ சுற்று: பட்டியல் நீண்டுவிட்டது, எதை வெட்டலாம்?

மழைக்குருவி

எல்லாருக்கும் வணக்கம். லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறோம். நான், கணவர், எட்டு வயது மகன், கூடவே முட்டிவலியோடு அம்மா. ஆகஸ்டில் பத்து நாள் லீவு எடுக்கலாம் என்று இருக்கிறோம், எந்தப் பத்து நாள் என்பது இன்னும் நம் கையில்தான். பையனுக்கு விலங்குப் பைத்தியம். கடற்கரைக்குக் கூப்பிட்டால் வரமாட்டான், ஜூ என்றால் காலை ஐந்து மணிக்கே ஷூ போட்டு நிற்பான்.

அதனால் ஒரே மூச்சாக ஜூ ஜூவாகச் சுற்றிவிடலாம் என்று உட்கார்ந்து எழுதினேன். லண்டன், விப்ஸ்னேட், வோபர்ன், கோல்செஸ்டர், டுவைகிராஸ், டட்லி, செஸ்டர், நோஸ்லி சஃபாரி, பிளாக்பூல், சவுத் லேக்ஸ், எடின்பரோ, பிளேர் டிரமண்ட், ஹைலேண்ட் வைல்ட்லைஃப் பார்க், யார்க்‌ஷைர் வைல்ட்லைஃப் பார்க், பிரிஸ்டல், லாங்லீட், பெய்ன்டன். கூகுள் மேப்ஸில் போட்டால் பத்து நிறுத்தத்துக்கு மேல் ஏற்க மாட்டேன் என்கிறது. துண்டு துண்டாகப் போட்டுப் பார்த்தாலும் வரிசை பிடிபடவில்லை.

பையனின் கோரிக்கை இரண்டே இரண்டு: பாண்டா, பனிக்கரடி. என் சந்தேகங்கள்: எந்தத் திசையில் தொடங்குவது? கார் மேலே ரூஃப் பாக்ஸ் இருக்கும், அதோடு நோஸ்லிக்குள் போகலாமா? அம்மாவை எங்கே நடக்க வைக்கலாம், எங்கே கூடாது? எங்காவது ஓர் இடத்தில் ஆண்டு உறுப்பினர் ஆனால் மற்ற இடங்களில் சலுகை கிடைக்கும் என்கிறார்களே, அது உண்மையா?

---

கழுதைப்புலி ரசிகன்

முதலில் உங்கள் பட்டியலில் இருந்தும் இப்போது நிஜத்தில் இல்லாததையெல்லாம் அடித்துவிடுவோம். சவுத் லேக்ஸ் 2024 டிசம்பரில் மூடிவிட்டார்கள். பிரிஸ்டலில் கிளிஃப்டன் பகுதியில் 1836 முதல் இருந்த பழைய ஜூ 2022 செப்டம்பரோடு சரி. இப்போது ‘பிரிஸ்டல் ஜூ புராஜெக்ட்’ என்று இருப்பது ஊருக்கு வெளியே, எம்5 சாலையின் 17ஆம் சந்திப்பை ஒட்டி. பழைய முகவரியை நேவிகேஷனில் போட்டுவிட்டுக் கிளிஃப்டன் தெருக்களில் பார்க்கிங் தேடாதீர்கள்.

அப்புறம் பாண்டா. தம்பியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். எடின்பரோவில் இருந்த டியன் டியன், யாங் குவாங் இரண்டும் 2023 டிசம்பரிலேயே சீனாவுக்குத் திரும்பிவிட்டன. அப்போது பிரிட்டனில் இருந்த பாண்டாக்கள் அவை மட்டும்தான். பனிக்கரடிக்குக் கவலை இல்லை, டான்காஸ்டர் பக்கம் யார்க்‌ஷைர் வைல்ட்லைஃப் பார்க்கிலும் உண்டு, ஸ்காட்லாந்தில் ஹைலேண்ட் வைல்ட்லைஃப் பார்க்கிலும் உண்டு. ஒரு கொசுறு: 2017 டிசம்பரில் ஹைலேண்டில் பிறந்த ஹேமிஷ்தான் கால் நூற்றாண்டுக்குப் பிறகு பிரிட்டனில் பிறந்த முதல் பனிக்கரடிக் குட்டி. அவன் 2020இல் யார்க்‌ஷைருக்கு வந்துவிட்டான். ஹேமிஷ் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டையும் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் பாண்டாவை மறந்துவிடுவான்.

இன்னொரு வெட்டு. ஹாரோவிலிருந்து லண்டன் ஜூவும் விப்ஸ்னேடும் வோபர்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம். அதற்கு ஏன் வருட லீவைச் செலவழிக்கிறீர்கள்? கோல்செஸ்டரும் அப்படித்தான். மிச்சம் இருப்பதில், வேறெங்கும் பார்க்க முடியாதது எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள். சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, மீர்காட் எல்லா இடத்திலும் இருக்கும், மூன்றாவது நாளே பையனுக்குச் சலித்துவிடும். டுவைகிராஸ் போவது போனோபோ குரங்குக்காக. இந்த நாட்டில் அது இருக்கும் ஒரே இடம் அதுதான். கொரில்லா, சிம்பன்சி, ஒராங்உட்டான், போனோபோ நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

செஸ்டருக்கு மட்டும் முழு நாள் ஒதுக்குங்கள். நான் பக்கத்திலேயே இருப்பவன், பலமுறை போயும் முழுதாக முடித்ததில்லை. கம்பி போட்ட கூண்டே இருக்கக் கூடாது என்ற பிடிவாதத்தோடு ஜார்ஜ் மாட்டர்ஸ்ஹெட் 1931இல் திறந்தது. அதனால் யானை முதல் ஜாகுவார் வரை அகழிக்கும் கண்ணாடிக்கும் அந்தப்பக்கம்தான் நிற்கும். கூட்டமெல்லாம் யானை, புலி பக்கம் போகும்போது நீங்கள் டுவாட்டாராவைத் தேடிப் போங்கள். பார்க்க ஓணான் மாதிரி இருக்கும், ஆனால் ஓணான் இனமே இல்லை. அந்த வம்சத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே உயிர் அது. நியூசிலாந்துக்கு வெளியே அதை முதன்முதலில் குஞ்சு பொரிக்க வைத்தது செஸ்டர்தான், 2015 டிசம்பரில். கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால், அது ஒரே ஒரு தடவை கண் சிமிட்டும். பொறுமை இல்லாதவர்கள் பொம்மை என்று நினைத்துப் போய்விடுவார்கள்.

அம்மாவுக்கு: செஸ்டர் பெரும்பாலும் சமதளம், ஆனால் தூரம் அதிகம். உட்கார்ந்து ஓட்டும் ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும், முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். பழைய மோனோரயிலை நம்பிப் போகாதீர்கள், அதை 2019இலேயே நிறுத்திவிட்டார்கள்.

---

பனையோலை

தங்கச்சி, நான் பேர்த்தில் இருக்கிறன், ஆஸ்திரேலியாப் பேர்த் இல்லை, ஸ்காட்லாந்துப் பேர்த். வடக்கு விசயம் மட்டும் சொல்லுறன்.

திகதி இன்னும் முடிவாகாட்டி, ஸ்காட்லாந்தை ஆகஸ்ட் பதினெட்டு, பத்தொன்பதுக்குப் பிறகு வையுங்கோ. இங்கே பள்ளிக்கூடங்கள் ஆகஸ்ட் நடுவிலேயே திறந்திடும். இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குச் செப்டம்பர் வரைக்கும் லீவு. அதால கடைசிப் பத்து நாளில் கிழமை நாட்களில் வந்தால் உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லாம் வகுப்பில இருப்பினம், உங்கட மகனுக்குக் கண்ணாடிக்கு முன்னால இடம் கிடைக்கும்.

ஆனால் எடின்பரோவில அறை எடுக்க நினைக்காதீங்கோ. ஆகஸ்ட் முழுக்க ஃப்ரிஞ்ச் எண்ட கலை விழா. சாதாரண விடுதிக்கே கேக்கிற விலையைப் பார்த்தால் தலை சுத்தும். ஸ்டெர்லிங்கில தங்குங்கோ, இல்லாட்டி லிவிங்ஸ்டன். ஜூ நகரத்தின்ர மேற்குப் பக்கம், கோர்ஸ்டோர்ஃபின் குன்றில இருக்கு. நகரத்துக்குள்ள போகாமலே வந்து சேரலாம். பிளேர் டிரமண்டும் ஸ்டெர்லிங் பக்கம்தான், மனமிருந்தால் பாருங்கோ, இல்லாட்டி விடுங்கோ.

எடின்பரோ ஜூ மலை. அம்மாவின்ர முட்டிக்கு அது சரிவராது. வாசலுக்குக் கிட்டவே பெங்குயின் இருக்கு, அதோட அவவை இருத்திப்போட்டு நீங்கள் மூன்று பேரும் மேல ஏறுங்கோ. பாண்டா போனாலும் பெங்குயின் இருக்கு எண்டு மகனிட்டச் சொல்லுங்கோ. அதில நில்ஸ் ஓலாவ் எண்டொரு அரசப் பெங்குயின், நோர்வே அரசரின்ர காவற்படையின்ர சின்னம். படை வந்து பார்வையிட்டுப் பதவி உயர்வு குடுக்கும். 2023இல அவருக்கு மேஜர் ஜெனரல் பதவி. பகிடி இல்லை, உண்மை.

பிறகு ஏ9 ரோட்டு. டன்ப்ளேனில இருந்து இன்வெர்னஸ் வரைக்கும் சராசரி வேகம் பார்க்கிற கமரா. ஒரு கமராவைக் கண்டு பிரேக் பிடிச்சுப் பிறகு வேகமெடுத்தால் தப்பேலாது. ரோட்டும் ஒற்றை, இரட்டை எண்டு மாறி மாறி வரும், அவசரப்பட்டு முந்தாதீங்கோ. எடின்பரோவில இருந்து கின்க்ரெய்க் இரண்டரை, மூன்று மணித்தியாலம். அங்க ஹைலேண்ட் வைல்ட்லைஃப் பார்க்கில முதல் பகுதியை உங்கட காரிலேயே இருந்து பார்க்கலாம்: காட்டெருமை, மான், ப்ரெவால்ஸ்கி குதிரை. அம்மாவுக்கு நல்லம். பிறகு இறங்கி நடக்கிறதுதான். ஸ்காட்டிஷ் காட்டுப்பூனையைத் தேடிப் பாருங்கோ. இங்க வளர்த்த பூனைகளைத்தான் 2023இல இருந்து கேர்ன்கோர்ம்ஸ் காட்டில விடுகினம்.

மிட்ஜ் எண்ட பூச்சிக்கு மருந்து கொண்டு வாங்கோ. கண்ணுக்கே தெரியாத அளவு, கடிச்சால் தெரியும். காத்தில்லாத பின்னேரம் எண்டால் வெளியில நிண்டு சோறு சாப்பிடேலாது.

---

எம்6 வாசி

ரூஃப் பாக்ஸ் கேள்விக்கு யாரும் வரவில்லையே. நோஸ்லியின் பபூன் குரங்குகளுக்கு ரூஃப் பாக்ஸ் என்றால் கல்யாண வீட்டுச் சாப்பாட்டுப் பந்தி. வைப்பர் ரப்பர், ஏரியல், வாஷர் முனை எல்லாம் பிடுங்கும். பெட்டியை எப்படித் திறக்கின்றன என்று பார்க்கைச் சேர்ந்தவர்களே ஒருமுறை படம் பிடித்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒன்று பூட்டை இழுக்கும், நான்கைந்து மூடி மேல் குதிக்கும், ஓரம் வளைந்ததும் கை உள்ளே போகும், அப்புறம் உங்கள் துணியெல்லாம் புல்வெளியில். ஆனால் உள்ளே பபூன் பகுதியைத் தவிர்த்துப் போகும் பாதை தனியாக இருக்கிறது. பலகையைப் பார்த்து அதில் திரும்பிவிட்டால் மீதி எல்லாவற்றையும் நிம்மதியாகப் பார்க்கலாம். வாடகைக் கார் என்றால் குரங்குச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும், உங்களுக்குச் சொந்தக் கார் என்பதால் உங்கள் பாலிசியைப் பாருங்கள்.

எந்த சஃபாரி பார்க்கிலும் கார் நின்றுவிட்டால் இறங்காதீர்கள். ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளேயே இருங்கள், ரேஞ்சர் வருவார்.

இன்னொன்று. நோஸ்லியிலிருந்து செஸ்டருக்கு மேப் பெரும்பாலும் ரன்கார்ன் வழியாக மெர்சி கேட்வே பாலத்தில் ஏற்றிவிடும். அங்கே சுங்கச்சாவடியே கிடையாது, கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். மறுநாள் நள்ளிரவுக்குள் ஆன்லைனில் கட்டாவிட்டால் அபராதக் கடிதம் வீட்டுக்கு வரும். பத்து நாள் ஊரில் இல்லாதபோது அந்தக் கடிதம் கதவுக்குப் பின்னால் கிடக்கும், தள்ளுபடியோடு கட்டும் கெடுவும் போய்விடும். கடந்ததும் காரை நிறுத்தி உடனே கட்டிவிடுங்கள்.

---

மழைக்குருவி

எல்லாருக்கும் நன்றி. பாண்டா விஷயம் சொன்னேன். முகம் தொங்கிப் போனது. மேஜர் ஜெனரல் பெங்குயின் என்றதும் “சல்யூட் அடிக்கணுமாம்மா?” என்று கேட்கிறான்.

இப்படி மாற்றியிருக்கிறேன். முதல் நாள் டுவைகிராஸ், இரவு டான்காஸ்டர். மறுநாள் யார்க்‌ஷைர் பார்க். மூன்றாம் நாள் ஏ1 வழியாக வடக்கே, இரவு ஸ்டெர்லிங். நான்காம் நாள் எடின்பரோ ஜூ. ஐந்தாம் நாள் ஏ9. ஆறாம் நாள் ஹைலேண்ட். ஏழாம் நாள் கீழே இறங்கிக் கார்லைல். எட்டாம் நாள் நோஸ்லி, பபூன் இல்லாத பாதையில். ஒன்பது முழுக்கச் செஸ்டர். பத்தாம் நாள் டட்லி பார்த்துவிட்டு வீடு. பெய்ன்டன், லாங்லீட், பிரிஸ்டல் மூன்றையும் அக்டோபர் அரைப்பருவ லீவுக்குத் தள்ளிவிட்டேன்.

டட்லி அவ்வளவு முக்கியமா? கணவர் அதை விட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போவோம் என்கிறார். உறுப்பினர் அட்டை பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

கட்டடக் கிறுக்கி

டட்லியை விடாதீர்கள், ஆனால் விலங்குக்காகப் போகாதீர்கள். 1937இல் திறந்தபோது கட்டடக் கலைஞர் லூபெட்கினின் டெக்டான் குழு வடிவமைத்த கான்கிரீட் கட்டடங்கள் அங்கே இன்னும் நிற்கின்றன. இடைக்காலக் கோட்டை இடிபாட்டைச் சுற்றி, அலை அலையாக வளைந்த நுழைவாயில், கப்பல் மேல்தளம் போன்ற கரடி மேடை. லண்டன் ஜூவில் இரண்டு சரிவுப் பாதைகள் பின்னிச் சுழலும் 1934 பெங்குயின் குளம் பார்த்திருப்பீர்களே, அதே கைதான். அந்தக் குளத்தில் இப்போது பெங்குயின் கிடையாது, காலுக்கு ஒத்துவரவில்லை என்று வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மனிதன் பார்த்து ரசிக்கக் கட்டியதற்கும் விலங்கு வாழக் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் பற்றி வீட்டில் ஒரு வாரம் சண்டை போடலாம்.

ஆனால் உங்கள் அம்மாவை நினைத்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கோட்டை மலை, ஏற்றம் கடுமை. பத்தாம் நாள் எல்லாரும் களைத்திருப்பீர்கள். வீட்டிலிருந்து தனியாக ஒரு நாள் வாருங்கள்.

---

கழுதைப்புலி ரசிகன்

நானும் அதற்கே ஓட்டு. பத்தாம் நாள் மழைக்கு ஒதுக்கிய நாளாக இருக்கட்டும்.

உறுப்பினர் அட்டை: எடின்பரோவும் ஹைலேண்டும் ஒரே சங்கத்தின் கையில். அந்த ஒரு அட்டையில் இரண்டுக்கும் போகலாம். லண்டனும் விப்ஸ்னேடும் அதே மாதிரி இன்னொரு ஜோடி, பெய்ன்டனும் நியூகீயும் மற்றொன்று. இதற்கு மேல் பல ஜூக்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. சிலவற்றில் வருடத்துக்கு ஒருமுறை இலவசம், சிலவற்றில் பாதி விலை. பட்டியல் வருடத்துக்கு வருடம் மாறும். நீங்கள் போகும் நான்கைந்து ஜூவில் எதன் பட்டியலில் மற்றவை அதிகம் வருகின்றனவோ, அதில் சேருங்கள். ஹாரோவில் இருப்பவர்களுக்கு லண்டன், விப்ஸ்னேட் அட்டைதான் வருடம் முழுக்க உழைக்கும், அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.

டிக்கெட் வாங்கும் பக்கத்தில் ‘கிஃப்ட் எய்டு’ விலை, சாதாரண விலை என்று இரண்டு வரும். முதலாவதில் கொஞ்சம் நன்கொடை சேர்ந்திருக்கும். இங்கே வரி கட்டுபவர் பெயரில் வாங்கினால்தான் அது செல்லும். அம்மா பெயரில் வாங்காதீர்கள்.

---

மழைக்குருவி

சரி, டட்லியை எடுத்துவிட்டேன். ஆகஸ்ட் பத்தொன்பது கிளம்பி இருபத்தெட்டு திரும்புகிற மாதிரி லீவு கேட்கப் போகிறேன். கடைசியாக ஒன்று: உள்ளே சாப்பாடு கொண்டு போக விடுவார்களா? அம்மா இப்போதே புளிக்காய்ச்சல் செய்து வைக்கக் கிளம்பிவிட்டார்.

---

எம்6 வாசி

பெரும்பாலான ஜூக்களில் விடுவார்கள், மேசை போட்ட இடங்களும் இருக்கும். சஃபாரிக்குள் மட்டும் ஜன்னலைத் திறந்து சாப்பிடாதீர்கள்.

தேதியில் ஒன்று கவனியுங்கள். ஆகஸ்ட் கடைசித் திங்கள் இங்கிலாந்தில் வங்கி விடுமுறை. உங்கள் பத்து நாளுக்குள் அது விழுந்தால் அன்று நோஸ்லி, செஸ்டர் வேண்டாம், அதற்கு முந்தின வெள்ளி சாயங்காலம் எம்6இல் தெற்கே இறங்கவும் வேண்டாம். அந்த வாரம் கின்க்ரெய்க்கிலேயே ஒரு நாள் கூடுதலாக இருந்துவிடுங்கள். ஸ்காட்லாந்தின் ஆகஸ்ட் விடுமுறை மாதத் தொடக்கத்திலேயே முடிந்திருக்கும்.

---

பனையோலை

ஒரு நாள் கூட நிண்டால் எங்கட வீட்டில தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ, பேர்த் ஏ9 வழியில்தான் இருக்கு. அம்மாவின்ர புளிக்காய்ச்சலில கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லுங்கோ.