ஃபோல்டரை மாற்றுவதா, மேவனை வளைப்பதா?

நிலாவெளியான்:
திருகோணமலை உப்புவெளியில் படகுச் சவாரிப் பதிவுக்கு ஓடுகிற ஜாவா புரோகிராம் ஒன்று. கோடை ஓடும் புரோகிராமாகக் கட்டுவது ஆன்ட் என்ற பழைய பில்ட் கருவி. அதே வேலை செய்யும் மேவனுக்கு மாற்றச் சொல்லி என் தலையில் கட்டியிருக்கிறார்கள். கோட் எல்லாம் 'படகு', 'கட்டணம்' என்ற இரண்டு ஃபோல்டரில் மேல்மட்டத்திலேயே கிடக்கிறது. டெஸ்ட்டுகளும் அதற்குள்ளேதான். மேவன் தன் வழக்கமான எஸ்ஆர்சி/மெயின்/ஜாவா ஃபோல்டரில் தேடிவிட்டு, கொம்பைல் பண்ண ஒன்றுமில்லை என்று சொல்லி, கீழே 'பில்ட் சக்சஸ்' போடுகிறது! எதை மாற்ற?

கடற்காற்று:
ஃபோல்டரைத்தான். அரைநாள் வேலை. கோப்புகளை நகர்த்துவதை மட்டும் தனி கமிட்டாக, அதாவது தனி மாற்றப் பதிவாகப் போடுங்கள், அதில் ஒரு வரி கோட்கூடத் தொடக்கூடாது. கோட் வரலாற்றை வைத்திருக்கும் கிட் கருவியின் லொக்கில் 'ஃபாலோ' போட்டால் பழைய வரலாறு கிடைக்கும்.

கிண்ணியா நானா:
தம்பி, மே தொடங்கினால் சீசன். அந்த நேரம் ஓடுகிற படகில் பலகை கழற்றலாமா? மேவனுக்கு வழிசொல்லும் பொம் கோப்பில் சோர்ஸ் டைரக்டரி என்று ஒரு வரி எழுதினால் காணும்.

கடற்காற்று:
நானா, அந்த வரியில் ஒரு பாதைதான் எழுதலாம். அவரிடம் இரண்டு.

கிண்ணியா நானா:
இரண்டாவதற்கு பில்ட் ஹெல்பர் பிளகின் இருக்கிறதே, தங்கச்சி. கிரேடில் என்ற வேறு பில்ட் கருவி என்றால் சோர்ஸ் செட்டில் இரண்டையும் ஒரே வரியில் எழுதிவிடலாம்.

கடற்காற்று:
சரி, அப்புறம் சொற்களும் அமைப்புகளும் எழுதிவைக்கும் ப்ரொபர்டீஸ் கோப்புகள்? ஆன்ட் காலத்து ஆட்கள் அவற்றை ஜாவாவுக்குப் பக்கத்திலேயே வைப்பார்கள். மேவன் சோர்ஸ் ஃபோல்டரில் ஜாவாவை மட்டும்தான் எடுக்கும். கொம்பைல் ஆகும், முடிவில் ஓட்டுகிற ஜார் கோப்பும் வரும், ஓடும்போதுதான் விழும். எனக்கு நடந்தது. ரசீதுக்கான தமிழ்ச் சொற்கள் இருந்த கோப்பு ஜாருக்குள் இல்லை. கவுண்டரில் சனம் வரிசையில் நிற்க, நான் ஓர்ஸ்ஹில்லில் இருந்து ஜாரைப் பிரித்துத் தேடிக்கொண்டிருந்தேன்.

கிண்ணியா நானா:
அதே ஃபோல்டர்களை ரிசோர்சஸ் பகுதியிலும் எழுதி, ஜாவாவை எக்ஸ்குளூட் பண்ணி விலக்கினால் சரி.

கடற்காற்று:
டெஸ்ட்? டெஸ்ட் எழுத உதவும் ஜேயூனிட் லைப்ரரி டெஸ்ட் ஸ்கோப்பில்தான், அதாவது டெஸ்ட் கோட்டுக்கு மட்டும்தான் இருக்கும். டெஸ்ட் வகுப்புகளையும் மெயின் கோட் என்று நினைத்து கொம்பைல் பண்ணப் போனால் ஜேயூனிட்டே இல்லை என்று எரர் கொட்டும். அதற்கும் ஒரு எக்ஸ்குளூடா? பொம் இப்பவே தேர்தல் வாக்குச்சீட்டு நீளத்துக்கு வந்துவிட்டது.

கிண்ணியா நானா:
ஓம், அது நியாயம். டெஸ்ட்டை மட்டும் எஸ்ஆர்சி/டெஸ்ட்/ஜாவாவுக்குக் கொண்டுபோங்கள். மிச்சத்தை இப்போது தொட வேண்டாம்.

கடற்காற்று:
'இப்போது' என்கிறீர்கள். சீசன் முடிந்த பிறகு யார் தொடப்போகிறார்கள்?

நிலாவெளியான்:
நானா சொன்னபடி டெஸ்ட்டுகளை மட்டும் நகர்த்தினேன். கொம்பைல் ஆகிறது, ரசீதும் தமிழில் வருகிறது. ஆனால் ஒரு டெஸ்ட்கூட ஓடவில்லை, பில்ட் திரும்பவும் சக்சஸ். வகுப்புகளுக்கு 'சோதனைபடகு' என்கிற மாதிரிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கடற்காற்று:
மேவனில் டெஸ்ட்டை ஓட்டுகிற ஷுவர்ஃபயர் பிளகின் பெயரைப் பார்த்துத்தான் பொறுக்கும். 'டெஸ்ட்' என்று தொடங்கினால், அல்லது அப்படி முடிந்தால் எடுக்கும். பெயரை மாற்றுங்கள்.

கிண்ணியா நானா:
ஏன் மாற்ற? இந்தப் பெயர்களையும் எடுக்கச் சொல்லி ஷுவர்ஃபயரில் ஒரு இன்குளூட் வரி எழுதுங்கள், தம்பி.