மறு: ஆல் இன் ஒன் புரூயிங் சிஸ்டம் – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பீர் செய்யும் 'ஆல் இன் ஒன் புரூயிங் சிஸ்டம்' என்ற கருவிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இழை நீண்டுகொண்டே போகிறது. நான் இப்படி ஒரு கருவியை வீட்டில் கட்டி முடித்த கையோடு எழுதுகிறேன். அதனால் சொல்லைவிடப் பாத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> "அனைத்தும் ஒன்றில் வடிப்பு அமைப்பு" என்பது தெளிவாக இருக்கிறதே?

தெளிவாகத்தான் இருக்கிறது ஐயா, ஆனால் தவறாக இருக்கிறது. மதுவோடு சேர்த்து 'வடித்தல்' என்றாலே காய்ச்சி வடிப்பதுதான் நினைவுக்கு வரும். பீர் அப்படி ஆவியாக்கிக் குளிரவைத்து எடுக்கும் பொருள் இல்லை. வீட்டில் பீர் செய்யலாம், சாராயம் வடிக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கும் நாடுகள் பல. சட்டமே பிரித்து வைத்திருப்பதை நாம் ஒரே சொல்லில் போட்டுக் குழப்ப வேண்டாம். 'காய்ச்சுதல்' என்பதிலும் இதே சிக்கல்.

'அனைத்தும் ஒன்றில்' என்பதைப் பிரிண்டருக்கும் சொல்லலாம், ஷாம்புவுக்கும் சொல்லலாம். எது எதோடு ஒன்றானது என்று அதில் தெரியவில்லை.

பழைய முறையில் மூன்று பாத்திரம் வேண்டும். வெந்நீருக்கு ஒன்று, மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஊறவைக்க ஒன்று, இனிப்புச் சாற்றைக் கொதிக்கவைக்க ஒன்று. இந்தக் கருவியில் மூன்றும் ஒரே உருளைக்குள் முடிகின்றன. அடியில் மின்சூடேற்றி இருக்கும். உள்ளே துளையிட்ட கூடை ஒன்று. அரைத்த மால்ட் அதில் கிடக்கும். அடியிலிருந்து சாற்றை எடுத்து மேலே ஊற்றிக்கொண்டே இருக்க ஒரு பம்ப். 65 டிகிரியை ஒட்டி ஒரு மணி நேரம் போனதும் கூடையைத் தூக்கி மேலேயே மாட்டி வடியவிட்டு, அப்படியே கொதிக்கவைக்கலாம்.

2,000 வாட் சூடேற்றியில் 20 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65-க்குப் போக, கணக்குப்படி 28 நிமிடம். வெளியே போகும் சூட்டையும் சேர்த்தால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆகவே வேகத்தைப் பற்றிக் கவலை இல்லை, அடிப்பிடிப்பதுதான் கவலை. சர்க்கரையுள்ள சாறு சூடான உலோகத்தில் கருகினால் அந்த வாடை கடைசிக் குவளை வரை வரும். அதனால் சதுர சென்டிமீட்டருக்கு 8 வாட் அளவில் நிற்கும் நீளமான மடிப்புச் சூடேற்றியையே போட்டேன்.

முதல் முறை ஓட்டியபோது திரை 66 என்று காட்டியது. நானும் நிம்மதியாக இருந்தேன். ஏதோ சந்தேகம் வந்து, கையில் வைத்திருந்த தெர்மாமீட்டரைத் தானியத்தின் நடுவில் குத்திப் பார்த்தால் 59! உமி அடைத்துக்கொண்டு பம்ப் நின்றிருக்கிறது. உணரி இருப்பது அடியில். அங்கே சூடு சரியாக இருப்பதால் சூடேற்றியும் அணைந்துவிட்டது. மேலே தானியம் தன் போக்கில் ஆறிக்கொண்டிருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தக் கருவிக்கு உயிரே அந்தச் சுற்றோட்டம்தான். அதற்கு 'மறுசுழற்சி' என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சொல் இன்று குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது. 'மீள்சுற்று' போதும்.

சரி, பெயருக்கு வருகிறேன். பெரும்பாணாற்றுப்படையில் 'இல்லடு கள்ளின் தோப்பி' என்று வருகிறது. இல்லில் அட்ட, அதாவது வீட்டில் சமைத்த கள். தோப்பி என்பது நெல்லால் செய்தது என்கிறது உரை. அதாவது பழத்திலிருந்தோ மரத்திலிருந்தோ வராமல் தானியத்திலிருந்து, வீட்டிலேயே செய்த மது. நாம் தேடும் வினை அங்கேயே இருக்கிறது: அடுதல். அதே பாட்டில் இன்னும் கீழே போனால் செய்முறையே கிடைக்கிறது. அரிசிக் களியைத் துழாவி, பிழா என்னும் அகன்ற பாத்திரத்தில் ஆற்றி, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். முளையை இடித்துக் கலப்பது, நாம் மால்ட்டை அரைத்துக் கலக்கும் அதே வேலைதான். ஒரே வித்தியாசம், அங்கே மாவுச்சத்து சர்க்கரையாவதும் சர்க்கரை மதுவாவதும் ஒரே சாடியில் ஒன்றாக நடக்கின்றன. நம் கருவியில் முதல் பாதி மட்டும். நொதித்தலுக்கு வேறு பாத்திரம். (ஆக 'ஆல் இன் ஒன்' என்ற பெயரே கொஞ்சம் அளப்புதான்.)

ஆகவே என் முன்மொழிவு: கருவிக்கு மின்னடுகலம், முறைக்கு ஓரடுகல முறை. பெயரில் 'கச்சிதமான' என்று தனியாகச் சேர்க்க வேண்டாம். மூன்று கலம் ஒன்றானாலே இடம் குறைந்துவிட்டது.

> அடுகலம் என்றால் சமையல் பாத்திரம் என்றுதானே நினைப்பார்கள்?

நினைப்பார்கள். அடுகலன் சமையல் பாத்திரத்துக்கான பழைய சொல்தான். ஆனால் அடுமனையைப் பாருங்கள். அதுவும் ஒரு காலத்தில் வெறும் சமையலறை. இன்று பேக்கரி வாசலில் அந்தப் பலகையைப் பார்த்து யாரும் குழம்புவதில்லை. பயன்படுத்தப் பயன்படுத்தப் பொருள் குறுகும். மிகவும் பயமாக இருந்தால் 'இல்லடுகலம்' என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கென்னவோ வேகமாகச் சொன்னால் 'இல்லடா' என்று காதில் விழுகிறது.

மால்ட், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம். மால்ட்டுக்கு, அந்தப் பாட்டில் முளையைக் குறிக்கும் 'நல்லடை' என்ற சொல்லையே எடுக்கலாம்தான், ஆனால் 'அடை' இப்போது வேறு பொருளில் ஊன்றிவிட்டது. மாஷுக்கு (வெந்நீரில் ஊறும் மால்ட் கலவை) அதே பாட்டின் 'துழவை' அருமையாகப் பொருந்துகிறது; கரண்டியோடு நின்று கிண்டியவர்களுக்குத் தெரியும். தூக்கிய கூடையின் மேல் வெந்நீர் ஊற்றி மிச்ச இனிப்பை எடுப்பதற்கு 'அலசல்' என்றேன். பத்திரிகைத் தலைப்பு மாதிரி இருக்கிறது என்று ஏற்கெனவே கேலி வந்தாயிற்று. துணி அலசுகிறவர்களுக்கு அந்தக் குழப்பம் வராது.

எனக்குத் திருப்தியான சொல் கிடைக்காதது அந்தக் கூடைக்குத்தான். ஆங்கிலத்தில் 'மால்ட் பைப்' என்கிறார்கள். பார்த்தால் குழாய் மாதிரியே இல்லை. 5 கிலோ மால்ட் ஏறக்குறைய 5 லிட்டர் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, 10 கிலோ கனத்தில், சொட்டச் சொட்டக் கையில் தொங்கும். அதைத் தூக்கி மாட்டும்போது வாயில் வரும் சொற்களை இங்கே எழுத முடியாது. அரித்தெடுப்பதால் 'அரிகூடை' என்று வரைபடத்தில் குறித்திருக்கிறேன். பென்சில்தான், அழிக்கலாம். யாரிடமாவது இதைவிட நல்லதாக இருந்தால் சொல்லுங்கள்.