பேப்பரில் வந்த பேய்ப்பட விளம்பரங்கள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கோ

மல்லாவியான்:
பேய்ப்படம் பார்த்துப் பயந்த கதை எல்லாரிடமும் இருக்கும். நான் படமே பார்க்காமல், அதன் விளம்பரத்தைப் பார்த்துப் பயந்தவன்.

1992 ஆம் ஆண்டு, போரால் எங்கள் வன்னிப் பக்கம் பொருட்கள் வராத பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெய் விலை கேட்டாலே தலை சுற்றும். எங்கள் வீட்டில் ஜாம் போத்தல் விளக்குத்தான், போத்தலுக்குள் பஞ்சை வைத்து அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு மெல்லிய திரியில் எரிப்பது. கடையில் சீனி, மிளகாய்த்தூள் எல்லாம் பழைய பேப்பர்ச் சரையில்தான் வரும். அம்மா சீனியைக் கொட்டியதும் சரையைப் பிரித்து வாசிப்பது என் வேலை, வேறு வாசிக்க என்ன இருந்தது?

அப்படி வந்ததுதான் எழுபதுகளின் பேப்பர்த் துண்டு ஒன்று. முக்கால்வாசிக்கு ஒரு பெண்ணின் முகம், கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் மை. எழுத்துகளில் இருந்து இரத்தம் வடிவது போல் கீறியிருந்தார்கள். படத்தின் பெயர் கிழிந்து போய்விட்டது. மிஞ்சியது 'தினசரி 3 காட்சிகள்', 'இருதய நோயாளர் பார்க்க வேண்டாம்' இரண்டும்தான்.

அதுவரை பயமில்லை. சீனி ஒட்டியிருக்கிறதா என்று விளக்குக்கு நேரே பிடித்தேன் பாருங்கோ, அந்த முகத்துக்குள் இருந்து இன்னொரு முகம் என்னைப் பார்த்தது. பொட்டு வைத்த வயதான அம்மா ஒருவர். மறுபக்கத்தில் மரண அறிவித்தல்! மெல்லிய தாள், வெளிச்சம் பட்டதும் இரண்டு முகமும் ஒன்றாகிவிட்டன. இது எனக்கு விளங்கியது அடுத்தநாள் காலையில்தான். அன்றிரவு வெளிக்குப் போக அப்பாவை எழுப்பினேன். பின்வளவில் பாலைமரம் வேறு, அதில் முனி இருக்கிறது என்று அம்மம்மா சொல்லி வைத்திருந்தா.

ஆனால் எறிய மனம் வரவில்லை. சமூகக்கல்விக் கொப்பிக்குள் கனகாலம் வைத்திருந்தேன்.

நெடுங்கேணியாள்:
தம்பி, எனக்கு அப்படியொரு விளம்பரம் கொப்பி உறையாக வந்தது. அண்ணா உறை போடும்போது பேய் முகத்தை உள்ளுக்கு மடித்துத்தான் போட்டவர். நான் மடிப்பைத் திறந்து திறந்து பார்ப்பேன். கணிதப் பாடம் முழுக்க அந்த நினைப்புத்தான்.

கண்டாவளையான்:
என் பெரியப்பா அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். அவர் சொன்னதை எழுதுகிறேன். அந்தக் காலத்துப் பேப்பர்த் தாள் மையை உறிஞ்சிப் பரப்பிவிடும். அதனால் போட்டோவைப் பெரிய புள்ளிகளாக உடைத்துத்தான் புளொக் (படம் அச்சடிக்கும் உலோகத் தகடு) செய்வார்கள், அங்குலத்துக்கு 65 புள்ளி வரி அளவில். கண், மூக்கு நிழல் இருக்கும் இடங்களில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புக் குழியாகிவிடும். காதல் படத்துக் கதாநாயகிக்கு அது கேடு, பேய்ப்படத்துக்கு வாய்ப்பாகப் போய்விட்டது. நீங்கள் பார்த்த கண்ணில்லாத முகம் பாதி ஓவியரின் வேலை, மீதி மையின் வேலை என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஒட்டுசுட்டானான்:
இந்த 'இருதய நோயாளர்' எச்சரிக்கை அமெரிக்காவில் எங்கே வரை போனது தெரியுமோ? 1958 இல் வில்லியம் காசில் என்ற இயக்குநர் தன் 'மக்காபர்' படத்தைப் பார்த்துப் பயத்தில் செத்தால் 1000 டொலர் காப்புறுதி என்றே விளம்பரம் செய்தார். லண்டன் லொயிட்ஸ் காப்புறுதி! 1960 இல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' விளம்பரங்களோ படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடமாட்டோம் என்றன. இரண்டிலும் பயம் தியேட்டர் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. எங்களுக்கு வாசலும் இல்லை, சீனிச் சரையோடு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

மல்லாவியான்:
அண்ணை, புளொக் விசயம் எனக்குப் புதிது, பெரியப்பாவுக்கு நன்றி சொல்லுங்கோ.

என் துண்டு 2009 இல் போரில் வீட்டோடு போய்விட்டது. 1981 இல் யாழ் நூலகம் எரிந்த அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது, பிறகு எங்கள் ட்ரங்குப் பெட்டிகளில் இருந்ததும் இப்படி. எங்கோ தப்பிய பேப்பர்களை 'நூலகம்' இணையத்தளத்தில் ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள், இரவில் நேரம் கிடைத்தால் புரட்டுகிறேன். திரையில் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்க முடியாதே. அதனால் பேய்ப்பட விளம்பரம் எது கண்ணில் பட்டாலும் அதன் மறுபக்கத்தையும் திறந்து, அதே இடத்தில் பொட்டு வைத்த அந்த அம்மா இருக்கிறாவா என்று பார்க்கிறேன்.